படகு என்ஜினைப் பிரித்தால் கோர் பிளக்கையும் மாற்ற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சேலம் மாவட்டத்தில் படகு என்பது ஏற்காடு ஏரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டுமானதன்று. பூலாம்பட்டியிலிருந்து காவிரியைக் கடந்து ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகிறவர்களும், மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தைக் கடந்து பண்ணவாடியிலிருந்து தருமபுரி மாவட்டத்து நாகமரைக்குப் போகிறவர்களும் விசைப்படகை நம்பியே இருக்கிறார்கள். சாலை வழியாகச் சுற்றிப் போனால் ஆகும் நேரத்தையும் செலவையும் எண்ணி, இரு சக்கர வாகனத்தையும் படகிலேயே ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்கிறார்கள். இந்தப் படகுகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வரும்போது, உயிர்காப்பு உடை இருக்கிறதா, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுகிறார்களா என்ற இரண்டு கேள்விகளோடு நாம் நின்றுவிடுகிறோம். இரண்டும் கேட்க வேண்டியவையே. ஆனால், படகு என்ஜினைப் பிரித்துப் புதுப்பித்தபோது அதன் பிளாக்கில் துளைகளை அடைத்திருக்கும் கோர் பிளக் என்ற சிறு உலோக மூடிகளை மாற்றினீர்களா என்று எவரும் கேட்பதில்லை. அதையும் கேட்கும் வழக்கம் வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சேலத்தில் டீசல் என்ஜின் பட்டறைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் நான். சங்ககிரி பக்கத்து லாரிகளின் என்ஜின்களே பெரும்பாலும் வரும். இடையிடையே ஆற்றுப் படகுகளின் என்ஜின்களும் வரும். லாரியில் ஓடிய என்ஜினையோ, அதே வகையைச் சேர்ந்த என்ஜினையோ படகில் இறக்கி வைப்பது நம் நாட்டில் புதிதன்று என்பதால், லாரிப் பட்டறையின் பழக்கங்களும் என்ஜினோடு சேர்ந்து படகுக்குப் போய்விடுகின்றன. லாரிக்கு ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடிய சில பழக்கங்களைப் படகு பொறுத்துக்கொள்ளாது. கோர் பிளக்கை 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிடுவது அவற்றில் ஒன்று.

தொழிலுக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக, இது என்ன பொருள் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சிலிண்டர்கள் அமைந்த என்ஜின் உடலான பிளாக், உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி வார்க்கப்படுகிறது. சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதற்கான உட்குழிவு, அதாவது வாட்டர் ஜாக்கெட், வார்ப்பிலேயே உருவாக வேண்டும். அதற்காக அந்தக் குழிவின் வடிவத்திலேயே கெட்டிப்படுத்திய மணற்கட்டி ஒன்றை அச்சுக்குள் வைத்து, அதைச் சுற்றி இரும்பை ஊற்றுகிறார்கள். அந்த மணற்கட்டி அந்தரத்தில் நிற்காது. அதைத் தாங்குவதற்குப் பக்கச் சுவர்களில் இடம் வேண்டும். இரும்பு குளிர்ந்த பிறகு உள்ளே இருக்கும் மணலை உதிர்த்து வெளியே எடுக்கவும் வழி வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்காகவும் விடப்பட்ட துளைகளைப் பின்னர் வட்டமாகக் கடைந்து, மெல்லிய உலோக மூடியால் இறுக அடைத்துவிடுகிறார்கள். அந்த மூடிதான் கோர் பிளக். பிளாக்கின் இரு பக்கங்களிலும், முன்னும் பின்னும், சில என்ஜின்களில் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டிலும் இவை இருக்கும். பெரும்பாலானவை கிண்ணம் போன்ற வடிவம் கொண்டவை. பழைய என்ஜின்கள் சிலவற்றில் நடுவில் சற்றே உப்பிய தட்டையான வில்லையாக இருக்கும். மரை போட்டுத் திருகும் வகையும் உண்டு. காற்றால் குளிரும் சிறிய என்ஜின்களில் வாட்டர் ஜாக்கெட்டே கிடையாது என்பதால், அத்தகைய என்ஜின் வைத்த படகுகளுக்கு இக்கடிதம் பொருந்தாது.

குளிர் நாடுகளில் இந்தப் பிளக்கைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. நம் மெக்கானிக்குகளில் சிலரும் அதைக் கேட்டு வந்து சொல்கிறார்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. அப்போது பிளாக் வெடிக்காமல் காப்பதற்காகவே இந்த மூடி தெறித்து விழும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பது அந்த நம்பிக்கை. உறைபனியில் சில நேரங்களில் மூடி கழன்று விழுவது உண்மைதான். ஆனால் அது அதற்காக வைக்கப்பட்டதன்று. மூடி அசையாமல் பிளாக் மட்டும் வெடித்துப் போவதும் உண்டு. ஏற்காட்டின் மார்கழிக் குளிரிலும் ஏரி உறைவதில்லை. காவிரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'நம் ஊரில் பனி உறைவதில்லை, ஆகவே இந்தப் பிளக்குக்கு ஆபத்தில்லை' என்று அந்த நம்பிக்கையிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறார்களே, அதுதான் தவறு. நம் ஊரில் கோர் பிளக்கைத் தின்பது துரு.

அந்தத் துரு உள்ளேயிருந்து தொடங்குகிறது. பிளாக்கின் வார்ப்புச் சுவர் பல மில்லிமீட்டர் கனம் உள்ளது. துரு அதன் மேற்பரப்பை அரித்தாலும் சுவர் தாங்கும். கோர் பிளக்கோ மெல்லிய எஃகுத் தகட்டை அழுத்தி எடுத்தது. அதே துரு, அதே வேகத்தில் அரித்தாலும், முதலில் ஓட்டை விழுவது பிளக்கில்தான். கிண்ண வடிவப் பிளக்கின் உட்பக்கம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. வெளிப்பக்கமோ பெயின்ட் பூசிப் பளபளப்பாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் பின்புறம் செதில் செதிலாக உதிரும். ஆணி முனையால் அழுத்தினால் உள்ளே இறங்கும். கழற்றும் வரை வெளியே ஓர் அடையாளமும் தெரியாமல் இருக்கக்கூடும். ஆகவே, கண்ணால் பார்த்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாத உதிரிப் பாகம் இது.

இதில் நம் தண்ணீரின் பங்கும் உண்டு. மேக்னசைட் என்ற மக்னீசியத் தாது வெட்டியெடுக்கப்படும் கருப்பூர், செட்டிச்சாவடிப் பகுதிகளைக் கொண்ட சேலத்தில், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்புத்தன்மையைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியிலேயே பார்க்கலாம். அந்தத் தண்ணீரைத்தான் பலர் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். சூடேறும்போது சுண்ணாம்பும் மக்னீசிய உப்பும் வாட்டர் ஜாக்கெட்டின் சுவரில் படிந்து, சிலிண்டரின் சூடு தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்கின்றன. துரு தனியே உதிர்ந்து அடியில் சேறாகிறது. துருத்தடுப்பு மருந்து கலந்த கூலண்டை, உப்பில்லாத காய்ச்சி வடித்த தண்ணீரோடு சேர்த்து ஊற்றி, குறித்த காலத்தில் மாற்றினால் பிளக்கின் ஆயுள் நிச்சயமாகக் கூடும். கூலண்டின் விலையைப் பார்த்துப் பச்சைத் தண்ணீரை ஊற்றும் வழக்கம்தான் படகுகளில் மிகுதி. 'சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போது தண்ணீருக்கு எதற்குக் காசு' என்று என்னிடமே கேட்ட படகுக்காரர்கள் உண்டு.

லாரிக்கும் படகுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் படகு உரிமையாளர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். லாரியில் கோர் பிளக் ஒழுகினால் தண்ணீர் சாலையில் சொட்டும். வண்டி நின்ற இடத்தில் ஈரம் தெரியும். ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பட்டறைக்குத் தொலைபேசியில் சொல்லலாம். படகில் ஒழுகும் தண்ணீர் படகின் அடித்தளத்தில் ஏற்கெனவே தேங்கியிருக்கும் தண்ணீரோடு கலந்துவிடும். படகின் விசிறித் தண்டு வெளியே போகும் புஷ் வழியாகக் கசிந்ததா, பலகை இடுக்கில் வந்ததா, மழையில் சேர்ந்ததா, என்ஜினிலிருந்து வந்ததா என்று யாருக்கும் தெரியாது. வாளியால் மொண்டு ஊற்றிவிட்டு மறுநாளும் ஓட்டுவார்கள்.

இதற்கு மேல், படகு என்ஜினைக் குளிர்விக்கும் முறையைப் பொறுத்து விளைவும் மாறுகிறது. சில படகுகளில் என்ஜினுக்குள் ஓடும் தண்ணீர் மூடிய சுற்றில் மட்டுமே ஓடும். ஆற்றுத் தண்ணீர் வெளியிலிருந்து அதைக் குளிர்விக்கும். இந்த முறையில் பிளக் ஒழுகினால் சுற்றில் தண்ணீர் குறைந்து, என்ஜின் சூடேறி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கட் போய், கடைசியில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்து நடு ஆற்றில் நின்றுவிடும். ஆற்றுத் தண்ணீரை நேரடியாகப் பம்பால் இழுத்து, பிளாக்குக்குள் செலுத்தி, மீண்டும் ஆற்றிலேயே விடும் படகுகளும் இருக்கின்றன. இதில் ஒரு பிளக் முற்றாகக் கழன்று விழுந்தால், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வரை பம்ப் ஆற்றையே படகுக்குள் இறைத்துக்கொண்டிருக்கும். என்ஜினை நிறுத்தினால் தண்ணீர் வரத்து நிற்கும், ஆனால் படகு நீரோட்டத்தில் போகும். நிறுத்தாவிட்டால் படகு நிறையும். ஆட்களை ஏற்றிக்கொண்டு நடு ஆற்றில் இருக்கும் படகோட்டிக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை ஒரு சிறிய தகரத்தால் வரக் கூடாது.

இனி, என்ஜினைப் பிரிக்கும்போதே மாற்ற வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்பதைச் சொல்கிறேன். படகில் என்ஜின் அறை குறுகலானது. பக்கவாட்டுப் பிளக்குகள் படகின் சுவரை ஒட்டியோ, என்ஜினைத் தாங்கும் கட்டைகளுக்குப் பின்னாலோ இருக்கும். கையை நுழைக்கலாம், சுத்தியலை வீச முடியாது. பிளாக்கின் பின்புறம் இருக்கும் பிளக், கனத்த சுழல்சக்கரமான ஃபிளைவீலுக்கும் அதன் உறைக்கும் பின்னால் மறைந்திருக்கும். அதைத் தொட வேண்டுமானால் கியர் பாக்ஸைப் பிரித்து, ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும்; படகிலோ பெரும்பாலும் என்ஜினையே மேலே தூக்க வேண்டும். சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, கிராங்க் தேய்த்து, பேரிங் மாற்றி, பெருந்தொகை செலவழித்து முடித்த என்ஜினை, ஒரு பின்புறப் பிளக்குக்காக மறுபடியும் தூக்குவதைவிட வீண் செலவு வேறில்லை.

வேறொரு பட்டறையில் முழு வேலையும் முடிந்து, புதிதாகப் பெயின்ட் அடித்து வந்த ஒரு படகு என்ஜினைப் பிரிக்க நேர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் எல்லாப் பிளக்குகளும் புதியவை. படகின் சுவரை நோக்கி இருந்த மறுபக்கத்திலும், ஃபிளைவீலுக்குப் பின்னாலும் பழையவை அப்படியே இருந்தன. அவற்றின் மேலும் அதே புதிய பெயின்ட். உரிமையாளர் கொடுத்த பில்லில் 'கோர் பிளக் மாற்றியது' என்ற வரி இருந்தது. எத்தனை என்று எழுதப்படவில்லை. பொய்யென்று சொல்வதற்கும் இடமில்லாத வரி அது.

பிளக்கை மாற்றுவதன் பயனில் பாதி, பழையதைக் கழற்றுவதிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. அந்தத் துளைகள்தான் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் நாம் எட்டிப் பார்க்கும் சாளரங்கள். கடைசி சிலிண்டரைச் சுற்றி அடியில் இறுகிக் கிடக்கும் துருச்சேறு, மேலே ஹெட் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் வராது. பக்கத்துத் துளை வழியாக வளைத்த கம்பியால் கிளறி, அழுத்தத் தண்ணீரும் காற்றும் மாறி மாறிச் செலுத்தினால்தான் வரும். வார்ப்பின்போது சிக்கி நின்ற மணலும், மணற்கட்டிக்குள் வைத்திருந்த கம்பித் துண்டும்கூட, பல ஆண்டுகள் ஓடிய என்ஜினிலிருந்து சில நேரங்களில் வெளியே வரும். பிளாக்கை மருந்துத் தொட்டியில் இட்டுக் கழுவும் பட்டறைகள், கழுவுவதற்கு முன்பே எல்லாப் பிளக்குகளையும் எடுத்துவிட வேண்டும். பிளக்கோடு கழுவினால் வெளித்தோற்றம்தான் சுத்தமாகும். ஆற்றுத் தண்ணீரை நேரடியாகச் செலுத்தும் என்ஜினில் வெள்ளக் காலத்து வண்டலும் சேரும் என்பதால், இந்தச் சுத்தம் இன்னும் முக்கியம்.

கழற்றும் முறையில் கவனம் வேண்டும். கிண்ணப் பிளக்கின் ஓர் ஓரத்தில் மொட்டை முனை கொண்ட பஞ்ச் என்ற இரும்புக் கருவியை வைத்துத் தட்டினால் அது துளைக்குள்ளேயே குறுக்காகத் திரும்பும். பிறகு பிளையரால் பிடித்து வெளியே இழுத்துவிடலாம். மிகப் பலமாக அடித்தால் பிளக் உள்ளே விழுந்து சிலிண்டர் சுவரில் போய் முட்டும். அந்தச் சுவர் பிளக்குக்கு மிக அருகில் இருக்கும் என்ஜின்கள் உண்டு. உள்ளே விழுந்ததை எடுக்கச் சோம்பி, அப்படியே விட்டுவிட்டு மேலே புதியதைப் போட்டு மூடும் கொடுமையையும் பார்த்திருக்கிறேன். அது தண்ணீர் ஓட்டத்தை மறித்து அந்த சிலிண்டரை மட்டும் சூடேற்றும். நடுவில் டிரில் போட்டு இழுப்பவர்கள், தகடு துளைபட்டவுடன் நிறுத்த வேண்டும். டிரில் முனை பின்னாலுள்ள சுவரைத் தொடக் கூடாது. துளையின் உட்சுவரை மெல்லிய எமரித் தாளால் வட்டமாகத் தேய்க்கலாம். அரத்தாலோ, உளியாலோ சுரண்டினால் நீளவாக்கில் கோடு விழும், அந்தக் கோடே பிறகு தண்ணீருக்கு வழியாகும்.

அளவு எடுப்பதில்தான் கடைத்தெருவில் அதிகக் குழப்பம். ஒன்றரை அங்குலப் பிளக் 38.1 மில்லிமீட்டர், 38 மில்லிமீட்டர்ப் பிளக்கும் கடையில் இருக்கிறது. ஒன்றே எட்டில் ஐந்து என்று பட்டறையில் சொல்லும் 1⅝ அங்குலம் 41.275 மில்லிமீட்டர், அதன் பக்கத்திலேயே 41 மில்லிமீட்டரும் கிடக்கும். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கிண்ணப் பிளக் நிற்பதே, துளையைவிட மிகச் சிறிதளவு பெரிதாக இருந்து இறுகப் பிடிப்பதால்தான். மரையோ, திருகோ, வேறு பிடிமானமோ அதற்கு இல்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், சீலண்ட் பசைதான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். பழைய பிளக்கை எடுத்துக்கொண்டு போய் 'இதே போல ஒன்று' என்று கேட்பது சரியான முறையன்று; கழற்றும்போதே அது நெளிந்திருக்கும். துளையை வெர்னியர் என்ற நுண்ணளவுகோலால் நெட்டாகவும் குறுக்காகவும் அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். இரண்டு அளவுகளும் வேறுபட்டால் துளை நீள்வட்டமாகிவிட்டது என்று பொருள். அப்போது துளையைச் சீராகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய அளவுப் பிளக்கைப் போட வேண்டும். பசையை இரட்டிப்பாகப் பூசுவது தீர்வாகாது.

எந்த உலோகம் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஆற்று நீரிலும் ஏரி நீரிலும் ஓடும் வார்ப்பிரும்பு என்ஜினுக்கு நான் பித்தளைப் பிளக்கையே பரிந்துரைப்பேன். அது துருப்பிடிக்காது, மென்மையானது என்பதால் துளையின் சிறு மேடுபள்ளங்களோடு ஒத்துப்போய் இறுகும். எஃகுப் பிளக்கைவிட விலை கூடுதல்தான். ஆனால் முழு என்ஜின் வேலையின் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் கண்ணில் படாது. கடல் நீர் நேரடியாக ஓடும் என்ஜின்களில் கதை வேறு. உப்புநீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மெல்ல உறிஞ்சிவிடும். எஞ்சியிருக்கும் செம்பு, செந்நிறமாய், நுண்துளைகளோடு, வலுவற்றுப் போகும். அங்கே வெண்கலமோ, செம்பும் நிக்கலும் கலந்த உலோகமோதான் நெடுநாள் நிற்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி என்ஜின் வேலை பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டை நம்மைவிட நன்றாக அறிவார்கள். சேலம் உருக்காலை இருக்கும் ஊர்க்காரர்களான நமக்கு எவர்சில்வர் என்றால் ஒரு மயக்கம் உண்டு. 'எவர்சில்வர் பிளக் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை' என்கிறார்கள். அது துருவை எதிர்க்கும் என்பது உண்மை. ஆனால் கடினமானது, துளைக்கு ஏற்ப வளைந்து கொடுக்காது, துளையும் அளவும் மிகத் துல்லியமாக இல்லாவிட்டால் ஓரத்தில் கசியும். கடைந்து சீராக்கிய துளைக்குப் போடலாம். தேய்ந்த துளைக்குப் போட்டு ஏமாற வேண்டாம்.

பொருத்துவதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, ஆனால் சரியான கருவி தேவை. கிண்ணப் பிளக்கில் இறுகப் பிடிப்பது அதன் வெளி விளிம்பு. சுத்தியலாலோ, அகலமான இரும்பாலோ அந்த விளிம்பின் மேல் அடித்தால் பிடிக்க வேண்டிய இடமே நசுங்கிவிடும். கிண்ணத்தின் உட்புறத்தில் தளர்வாக நுழைந்து அடிப்பகுதியில் அமரும்படி ஓர் உருளையை லேத்தில் கடைந்து வைத்துக்கொண்டால், விளிம்பு சேதமாகாமல் பிளக் நேராக இறங்கும். நம் ஊரில் லேத்துப் பட்டறைக்கா பஞ்சம்? உறையாத வகை சீலண்டைத் துளையின் சுவரில் மெல்லிய படலமாகப் பூசி, பிளக்கைச் சாயாமல் நிறுத்தி, சிறு சிறு அடிகளாக, விளிம்பு துளை வாயிலின் சரிவுக்குச் சற்று உள்ளே போகும் வரை இறக்க வேண்டும். சாய்ந்துவிட்டால் நிமிர்த்தித் திரும்ப அடிக்கக் கூடாது; எடுத்து எறிந்துவிட்டு வேறொன்றைப் போட வேண்டும். வில்லை வடிவப் பிளக்கில் முறை நேர்மாறானது. உப்பிய பக்கம் வெளியே தெரியும்படி துளைக்குள்ளிருக்கும் படியில் உட்காரவைத்து, உருண்டை முனை பஞ்ச் கருவியால் நடுவில் அடித்தால், உப்பல் சற்றே தட்டையாகி ஓரம் விரிந்து பிடிக்கும். ஆத்திரத்தில் இன்னும் இரண்டு அடி கூடுதலாக அடித்து உப்பலைக் குழியாக்கிவிட்டால் ஓரம் மறுபடி சுருங்கித் தளர்ந்துவிடும்.

போரிங், ஹோனிங் என்ற சிலிண்டரைக் கடைந்து மெருகேற்றும் வேலைகள் எல்லாம் முடிந்து, உலோகத் துகள்களை முழுவதும் கழுவிய பிறகே புதிய பிளக்கைப் போட வேண்டும். போட்ட பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். அதற்கு முன் ஓர் அழுத்தச் சோதனை கட்டாயம். ஹெட்டைப் பூட்டி, தண்ணீர் வாய்களை அடைத்து, கைப்பம்பால் வெந்நீரைச் செலுத்தி, ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிச் சிறிது நேரம் நிறுத்திவைத்தால், பிளக்கின் ஓரக் கசிவு மட்டுமல்லாமல் பிளாக்கில் இருக்கும் மயிரிழை விரிசலும் தெரிந்துவிடும். வெந்நீர் என்று சொல்வதற்குக் காரணம், குளிர்ந்த நிலையில் மூடிக்கொண்டிருக்கும் விரிசல் சூட்டில் திறக்கும் என்பதுதான். படகில் இறக்கிய பிறகு கண்டுபிடிப்பதைவிட, பட்டறை மேசையில் கண்டுபிடிப்பது மிக மலிவு.

ஒழுகும் பிளக்கின் மேல் எபாக்சிப் பசையை அப்புவதும், வெல்டிங் வைப்பதும் வழக்கத்தில் இருக்கின்றன. பசை சில நாள் தாங்கும். பின்னாலிருக்கும் தகடு அரித்துக்கொண்டேதான் இருக்கும். வெல்டிங்கோ வார்ப்பிரும்பில் ஓரிடத்தை மட்டும் சூடேற்றி, ஒரு பிளக்கின் குறையைப் பிளாக்கின் விரிசலாக மாற்றிவிடக்கூடும். நடு ஆற்றில் அவசரத்துக்கு வேண்டுமானால், நடுவில் போல்ட் வைத்து முறுக்கினால் விரியும் ரப்பர் பிளக்கை, துளையின் அளவுக்கு ஏற்றதாக ஒன்றிரண்டு வாங்கிப் படகில் வைத்துக்கொள்ளலாம். அது கரை சேர்வதற்கானது. அதையே நிரந்தரமாக வைத்து ஓட்டுவதற்கானதன்று.

படகுத் துறைகளை ஏலம் விடும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும், படகுகளுக்குத் தகுதிச் சான்று வழங்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 1917 ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக, உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் இயந்திரக் கலங்களுக்கான புதிய சட்டம் 2021 இல் வந்தது. கலத்தைப் பதிவு செய்வதும் ஆய்வுச் சான்று பெறுவதும் அதன் அடிப்படைகள். அந்த ஆய்வின்போது, கடைசியாக என்ஜினைப் புதுப்பித்த பில்லையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பில்லில் பிளக்குகளின் எண்ணிக்கை, அளவு, உலோகம், அழுத்தச் சோதனை செய்யப்பட்டதா என்ற நான்கு விவரங்களும் இருக்க வேண்டும். இதற்குத் தனி நிதியோ, தனி அலுவலரோ தேவையில்லை. படகு உரிமையாளர்களும், கழற்றிய பழைய பிளக்குகள் அத்தனையையும் பையில் போட்டுத் திருப்பித் தரும்படி பட்டறையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எண்ணிப் பார்த்தால் பின்புறத்துப் பிளக் மாறியதா என்பது தெரிந்துவிடும். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பிஸ்டனும் வால்வும் கற்றுத்தரும் ஆசிரியர்கள், ஒரு பழைய பிளாக்கிலிருந்து கோர் பிளக்கைக் கழற்றிப் புதிதாகப் பொருத்தும் வேலையையும் ஒரு பிற்பகலில் செய்யவைத்தால் நல்லது. பட்டறைகளில் இதை எடுபிடிப் பையன் வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். அதனால்தான் இது இந்த நிலையில் இருக்கிறது.

அண்மையில் என்ஜின் வேலை பார்க்காத படகுகளின் உரிமையாளர்கள், இப்போதைக்கு ஒன்று செய்யலாம். என்ஜினை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி, நிறுத்தி, கைக்கு எட்டும் பிளக்குகளைத் துணியால் துடைத்துவிட்டு, டார்ச் விளக்கில் அவற்றின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். கூலண்ட் ஊற்றிய என்ஜினாக இருந்தால் அதன் நிறத்திலும், பச்சைத் தண்ணீராக இருந்தால் துரு நிறத்திலும் அல்லது வெள்ளை உப்பாகவும் ஒரு கோடு கீழ்நோக்கி இறங்கியிருக்கும். பெயின்ட் கொப்பளித்திருந்தால் அதுவும் அதே அறிகுறிதான். ஒன்றில் கண்டால் அதே வயதுடைய மற்றவையும் அந்த நிலையை நெருங்கிவிட்டன என்று கொள்ள வேண்டும். அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல், என்ஜினை மேலே எடுத்துப் பின்புறம் உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே முறை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 க்கு முன்னதாக, தண்ணீர் குறைந்து படகோட்டம் மந்தமாக இருக்கும் கோடை வாரங்கள் அதற்கு ஏற்றவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக்,
அம்மாபேட்டை, சேலம்.